ஒரே மாவட்டம், இரண்டு வெயில்

மே மாதம் பிறந்துவிட்டால் மாலைச் செய்தியில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். எந்தெந்த ஊரில் இன்று வெயில் சதமடித்தது என்ற பட்டியல். வேலூர், கரூர் பரமத்தி, ஈரோடு, மதுரை என்று போகும் அந்த வரிசையில், பல நாட்களில் எல்லாவற்றுக்கும் மேலே, திருத்தணி நிற்கும். திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் அருகில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சிப்காட் வளாகமும், இரும்பு உருக்கும் ஆலைகளும், ரோலிங் மில்களும், கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளும் உள்ள ஊர். அந்தப் பட்டியலில் கும்மிடிப்பூண்டியின் பெயரை யாரும் தேடுவதில்லை.

போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகும் இருபது வயதுப் பையன் ஒருவன் மே மாதப் பிற்பகலில் ஒரு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திருத்தணியில் 42 டிகிரி. கும்மிடிப்பூண்டியில் கடற்காற்று வந்துவிட்டது, 36 டிகிரி. எங்கே ஓடுவது அவன் உயிருக்கு ஆபத்து? கேட்டவுடன் எல்லோரும் திருத்தணி என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஓடுகிறவனின் உடம்பு கும்மிடிப்பூண்டியில்தான் முதலில் தோற்கும். ஏன் என்று புரிந்துகொள்ள, வெயிலை விட்டுவிட்டு உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓடும்போது நம்மைச் சுடும் வெப்பத்தில் பெரும்பகுதி நமக்குள்ளேயே பிறக்கிறது. சமதரையில் ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. தசைகள் இதில் கால்பங்குக்கும் குறைவாகவே அசைவாக மாற்றுகின்றன. மீதி, குறைந்தது 450 கிலோகலோரி, வெறும் வெப்பம். மனித உடம்பின் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 0.83 கிலோகலோரி போதும். எனவே 60 கிலோ உடம்பு ஒரு டிகிரி ஏற 50 கிலோகலோரி. வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் போனால், ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்பு ஏறிக்கொண்டே போகும். 37-இல் தொடங்கியவர் அரை மணி நேரத்துக்குள் 41-ஐத் தாண்டிவிடுவார். ஓடுகிற மனிதர் உயிரோடு வீடு திரும்புகிறார் என்றால், அந்த வெப்பத்தை உடம்பு நிமிடத்துக்கு நிமிடம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தள்ளுவதற்கு வழிகள் சிலவே. தோல் சூடாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருந்தால் வெப்பம் தானாகக் காற்றுக்குப் போகும். வெயிலில் ஓடுகிறவரின் தோல் 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று 36 என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. 42 என்றால் வழி திரும்பிவிட்டது, காற்று நமக்குள் வெப்பத்தை ஏற்றுகிறது. அப்போது மிஞ்சுவது வியர்வை மட்டுமே. நம் தோலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். மேலே சொன்ன ஓட்டக்காரருக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாக ஆவியானாலே போதும். பழகிய உடம்பு மணிக்கு ஒன்றரை லிட்டர்கூடச் சுரக்கும்.

இங்கேதான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன. மண்பானைத் தண்ணீர் திருத்தணியில் ஜில்லென்று இருக்கும். கடலோரத்தில், புழுக்கமான நாளில், அதே பானை பெயரளவுக்குத்தான் குளிரும். பானையின் வெளிச்சுவரில் கசியும் நீர் ஆவியாவதுதான் குளிர்ச்சிக்குக் காரணம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டுகிறது. தோலும் அப்படியே. சொட்டுகிற வியர்வை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் எடுத்துச் செல்கிறது. வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், ஆவியாதலால் அது குளிர்ந்து, ஓர் எண்ணில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நனைந்த பொருள் ஒன்று அந்தக் காற்றில் எவ்வளவு குளிர முடியும் என்பதன் எல்லை அது. திருத்தணியில் 42 டிகிரியும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் ஏறக்குறைய 24. கும்மிடிப்பூண்டியில் 36 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஏறக்குறைய 30. செய்தியில் 6 டிகிரி குறைவாக வரும் ஊர், வியர்த்த உடம்புக்கு 6 டிகிரி கூடுதலாக இருக்கிறது.

ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால், ஆரோக்கியமான மனிதர் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்தில் உயிர் பிழைப்பது கடினம் என்று 2010-இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வெப்ப அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, வீட்டு வேலை அளவுக்கு லேசாக அசைந்தாலே, ஈரப்பதம் மிகுந்த காற்றில் 31 டிகிரி அளவிலேயே உடம்பின் வெப்பம் கட்டுப்பாட்டை இழப்பது தெரிந்தது. 2022-இல் அந்த முடிவு வெளியானது. அவர்கள் ஓடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இப்படி இரண்டு முகம் வந்ததற்குக் காரணம் காற்று. பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கும் இந்த ஊர்களுக்கு, ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. தரை அந்தச் சூட்டைச் சேமித்துக்கொண்டே போவதால் மே மாதக் கத்திரியில்தான் உச்சம். அப்போது மேற்கிலிருந்து காய்ந்த தரைக்காற்று வீசும். கடற்காற்று அதை எதிர்த்து உள்ளே வர வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு அது நண்பகலையொட்டி வந்து சேரும், திருத்தணிக்கு மாலையில் வந்தாலே அதிர்ஷ்டம். மேல்காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே நுழையாத நாளில் கரையோரமும் உலையாகும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆனால் அத்தகைய நாட்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். என் கவலை மற்ற நாட்களைப் பற்றியது. கடற்காற்று வந்துவிட்டது, பரவாயில்லை என்று சொல்லி ஷூ மாட்டும் நாட்கள். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரியாவது வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியும் இருக்க வேண்டும். 36 டிகிரியும் புழுக்கமும் அந்தக் கணக்கில் சிக்காது.

ஓடுகிறவர்களுக்கான கணக்கை முதலில் போட்டது ராணுவம். 1950-களில் அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில், பாரிஸ் தீவு என்ற மரைன் படைப் பயிற்சி முகாமில், கோடையில் பயிற்சி வீரர்கள் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தார்கள். அதுவும் கடலோரம், அதுவும் புழுக்கம். யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957-இல் ஒரு கூட்டெண்ணை முன்வைத்தார்கள். ஈரக்குமிழ் எண்ணில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருப்பு உலோகக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் எண்ணில் 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பநிலையில் 10 விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் வருவது ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை. அந்த எண் ஏற ஏற முகாமில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று கொடி மாறும். கருப்புக் கொடி ஏறினால் பயிற்சி நிற்கும். விழுகிறவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. இன்றும் உலகம் முழுவதும் விளையாட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இதுதான் அளவுகோல். இந்தச் சூத்திரத்தில் சாதாரண வெப்பமானிக்குக் கிடைத்த இடம் பத்தில் ஒன்றுதான்.

கோளம் திருத்தணியில் 54 காட்டுவதாகவும், மெல்லிய மேகம் படர்ந்த கும்மிடிப்பூண்டியில் 48 காட்டுவதாகவும் கொள்வோம். கணக்குப் போட்டால் திருத்தணிக்கு 32 அளவில் வரும், கும்மிடிப்பூண்டிக்கு 34-ஐத் தாண்டும். இரண்டுமே ஓடத் தகாத எண்கள். நீண்ட தூர ஓட்டத்தை 28-க்கு மேல் நடத்தக் கூடாது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மே மாத விடியற்காலை 5 மணிக்குக் கடலோரத்தில் 28 டிகிரியும் 88 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், சூரியன் இல்லாமலே கூட்டெண் 27-ஐ நெருங்குகிறது. அதிகாலையில் எழுந்து ஓடினால் கவலையில்லை என்று நினைக்கிறோம். அதிகாலை நமக்குத் தருவது மயிரிழை இடைவெளிதான்.

2019 செப்டம்பரில் கத்தாரின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். 32 டிகிரி வெப்பம், 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரம். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்கள். சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை 800 கிலோமீட்டர் வடக்கே, சப்போரோவுக்கு மாற்றினார்கள். சென்னை மாரத்தானை ஜனவரியில், விடியுமுன்பே தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். பணம் கட்டி, விரும்பி ஓடுகிறவர்களுக்கு நாட்காட்டி வளைந்து கொடுக்கிறது.

திருவள்ளூர் மாவட்டச் சாலைகளில் ஓடுகிற பலருக்கு அந்த வசதி கிடையாது. விடிகாலையிலும் அந்தியிலும் ஏரிக்கரையிலும் பள்ளி கிரவுண்டிலும் சர்வீஸ் ரோட்டிலும் ஓடும் பையன்களும் பெண்களும் பிசிக்கலுக்குத் தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். தேர்வு எப்போது என்பதை வானிலை தீர்மானிப்பதில்லை. பகலில் கம்பெனி வேலை, அல்லது இரவு ஷிஃப்ட், மிச்ச நேரத்தில் பயிற்சி என்று ஓடுகிறவர்களும் இவர்களில் உண்டு.

1500 மீட்டர் ஓட்டம் தனியாக ஒருவரைச் சூட்டால் வீழ்த்துவது அரிது. கணக்கைப் பாருங்கள்: 60 கிலோ ஆள், 90 கிலோகலோரி, அதில் வெப்பம் 70 அளவு. ஒரு துளிகூட வெளியேறாவிட்டாலும் உடம்பு ஏறுவது ஒன்றரை டிகிரிக்குள். ஆபத்து, கோட்டில் நிற்கும்போது உடம்பு எந்த எண்ணில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. முந்தைய இரவு பேருந்தில் வந்து, தூங்காமல், சாப்பிடாமல், பேர் கூப்பிடும்வரை திறந்த மைதானத்தில் வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கும் பையன் 37-இல் தொடங்குவதில்லை. ஓட்டத்தின் தூரம் கூடக்கூட இந்தக் கணக்கு கொடூரமாகிறது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஜார்கண்டில் கலால் காவலர் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு நடந்தது. ஆண்கள் 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். மாநில அரசு தேர்வை மூன்று நாள் நிறுத்திவைத்து, காலை 9 மணிக்குப் பிறகு ஓட்டம் கூடாது என்றது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் போட்ட கணக்கு அதே 10 கிலோமீட்டர், அதே ஒரு மணி நேரம். ஒரு கான்ஸ்டபிள் வேலைக்காக, மழைக்காலப் புழுக்கத்தில், வெப்பம் வெளியேறாவிட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும் ஓட்டத்தை ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டிருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்துவது ஒன்றுமே செய்யாததைவிட மேல். ஆனால் மணி பார்க்கத் தெரிந்த அதிகாரிக்கு ஈரக்குமிழ் பார்ப்பது கடினமான வேலை இல்லை. கையடக்கக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன.

கும்மிடிப்பூண்டியில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. அவர்கள் ஓடுவதில்லை, ஆனால் அவர்களுடைய உடம்புக்கு நடப்பது ஓட்டக்காரருக்கு நடப்பதேதான். இரும்பு 1,500 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் அருகே ஸ்கிராப் தள்ளுகிறவருக்கும், ரோலிங் மில்லில் சிவந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிறவருக்கும், காற்றின் சூடு ஒரு பக்கம், உலோகத்தின் கதிர்வீச்சு மறுபக்கம், தசையின் வெப்பம் உள்ளே. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு தென்னிந்தியத் தொழிலிடங்களில் இதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. ஓர் எஃகு ஆலையில் எடுத்து 2017-இல் வெளியான ஆய்வில், அளந்த இடங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் கூட்டெண் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைத்ததும், 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததும் தெரியவந்தது. தண்ணீர் குறைந்த உடம்பு நாள்தோறும் சூடேறினால் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகம் முக்கியமானது. நாள்தோறும் பிற்பகலில் ஓடும் இளைஞருக்கும் இது பொருந்தும்.

அந்த மரைன் முகாமின் பல ஆண்டுப் பதிவுகளைப் பிற்காலத்தில் அலசியபோது கிடைத்த ஓர் உண்மை, ஷிஃப்ட் முடித்து ஓடப் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் இன்று வெப்பத்தால் விழுவாரா என்பதை இன்றைய கூட்டெண் மட்டும் முடிவு செய்வதில்லை, நேற்றைய எண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. நேற்றைய சூட்டின் கணக்கு உடம்பில் தீராமல் கிடக்கிறது. அதைத் தீர்க்க வேண்டியது இரவு. தகரக் கூரைக்கு அடியில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில், நள்ளிரவு தாண்டியும் கூரை கக்கிக்கொண்டே இருந்தால், அந்தக் கணக்கு அடுத்த நாளுக்குப் போகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. இறப்புக்கு முந்தைய இரவுகளையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

உடம்பு பழகிக்கொள்ளும். அதற்கு நாள் பிடிக்கும். 1930-களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், ஆழத்தில் புழுக்கத்தால் தொழிலாளர்கள் இறந்துகொண்டிருந்தபோது, புதிதாக வந்தவர்களைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். அந்தப் பழக்கத்தில் உடம்புக்குள் நடப்பது இன்று தெளிவாகத் தெரிகிறது. சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. முழுமை பெற ஒன்று முதல் இரண்டு வாரம். விட்டுவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பின் பதிவுகளில், வெளியிட வேலைகளில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே இறந்தவர்கள். புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது என்ற விதி இந்த ஆபத்துக்காகத்தான். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ சிப்காட்டுக்குத் திரும்புகிறவரும், அறிவிப்பு வந்த பிறகு திடீரென்று கிரவுண்டுக்கு இறங்கும் பையனும் உடற்கூற்றின் கண்ணில் ஒரே ஆள்தான். முதல் நாளே முழுத் தூரம் ஓடக் கூடாது.

மார்கழி வந்தால் எல்லாம் மாறுகிறது. காலையில் 20 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. தசைக்கும் இதயத்துக்கும் அது கொண்டாட்டம். ஆனால் காற்று காத்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த, காற்றசையாத இரவில் தரை சூட்டை இழந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து கனத்துப் படிகிறது. அதன் மேல் வெப்பமான அடுக்கு மூடிபோட்டு நிற்கும். புகைபோக்கியிலிருந்தும் லாரிகளிலிருந்தும் குப்பை எரிப்பதிலிருந்தும் வரும் புகை மேலே கலைய முடியாமல் மூக்கு உயரத்திலேயே தங்குகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், ஓடும்போது 60, 80 லிட்டர் இழுக்கிறது, அதுவும் வாய் வழியாக, மூக்கின் வடிகட்டலைத் தாண்டி. போகிப் பண்டிகை விடியலில் சென்னை முழுக்க இது கண்ணுக்கே தெரியும். தொழிற்பேட்டையில் அதற்குப் பண்டிகை தேவையில்லை. உடம்பின் சூட்டுக்கு உகந்த நேரம் விடிகாலை, நுரையீரலுக்கு உகந்த நேரம் சூரியன் ஏறி அந்த மூடி கலைந்த பிறகு. மே மாதத்தில் முதலாவதுக்குக் கட்டுப்பட வேண்டும். மார்கழியிலும் தையிலும், சாலையை விட்டு விலகி, 8 மணிக்கு ஓடுவதே நல்லது.

உண்மையான குளிரை இந்த மாவட்டம் அறியாது. ஆனால் ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓடித் தேறும் பையன்களில் சிலர் லடாக்கில் போய் நிற்பார்கள். அங்கே 2023 பிப்ரவரியில், 4,200 மீட்டருக்கு மேலே, உறைந்த பாங்காங் ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் ஓட்டமே நடத்தினார்கள். குளிரில் கணக்கு தலைகீழாகிறது. வெயிலில் எந்த உள்வெப்பம் எதிரியோ அதுவே இங்கே காவல். ஓடிக்கொண்டிருக்கும்வரை மெல்லிய உடையே போதும். நின்றால், வேகம் குறைந்தால், நனைந்தால் ஆபத்து. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் புறப்பட்டார்கள். பலர் அரைக்கால் சட்டையும் பனியனுமாக. மேலே ஏறும்போது ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் சேர்ந்து அடித்தன. நனைந்தார்கள், வேகம் இழந்தார்கள், வேகம் போனதும் வெப்பமும் போனது. 21 பேர் இறந்தார்கள், நாட்டின் தலைசிறந்த மலையோட்டக்காரர் உட்பட. ஓர் ஆட்டிடையர் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுவந்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். காற்றுத் தடுக்கும் சட்டையை அமைப்பாளர்கள் கட்டாயமாக்கியிருக்கவில்லை.

மறுபடியும் நம் வெயிலுக்கு வருகிறேன், சொல்ல வேண்டியதில் மிக அவசரமானது மிச்சம் இருக்கிறது.

ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை நின்றுபோகும், தோல் காய்ந்திருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது வெப்ப அலையில் வீட்டுக்குள் முடங்கிய முதியவர்களிடம் காணப்படும் அடையாளம். ஓடி விழுகிறவர் பெரும்பாலும் வியர்வையில் குளித்திருப்பார். தோலைத் தொட்டால் குளிர்ச்சியாகக்கூட இருக்கலாம். பார்க்க வேண்டியது மூளையை. தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், பெயர் கேட்டால் விழிப்பது. உடம்பின் உள்வெப்பம் 40-ஐத் தாண்டி இவையும் இருந்தால் அது வெப்பத் தாக்குதல். அக்குளிலோ நெற்றியிலோ வைக்கும் வெப்பமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. உள்ளே நடப்பது இதுதான்: இதயம் தோலுக்கும் தசைக்கும் இரத்தத்தைப் பிரித்துக் கொடுக்கக் குடலின் பங்கை வெட்டுகிறது. பட்டினி கிடந்து சூடேறிய குடல் சுவர் கசிந்து, பாக்டீரியா நச்சுகள் இரத்தத்தில் இறங்குகின்றன. அதன் பிறகு ஈரல், சிறுநீரகம், இரத்தம் உறைதல் என்று ஒவ்வொன்றாகச் சரிகிறது. எவ்வளவு நேரம் 40-க்கு மேலே இருந்தார் என்பதே பிழைப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு தவறு, தண்ணீரைப் பற்றியது. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஒரு பெண் அதனால் இறந்தார். உப்புப் போட்ட மோரும், உப்பிட்ட நீராகாரமும், ஓ.ஆர்.எஸ். கரைசலும் நீண்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரைவிட நல்லவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதைத் தனியாக நம்ப வேண்டாம். எவ்வளவு குடித்தாலும் வெப்பத் தாக்குதல் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் உண்மை. ஏறும் வெப்பத்தை இறக்குவது வயிற்றுக்குள் போகும் நீரால் முடிகிற வேலை இல்லை.

முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஃபால்மத் என்ற ஊரில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் 11 கிலோமீட்டர் சாலையோட்டம் நடக்கும். ஜார்கண்டில் கேட்ட தூரத்தைவிட ஒரு கிலோமீட்டர் அதிகம். 18 ஆண்டுகளில் அங்கே 274 பேர் வெப்பத் தாக்குதலால் விழுந்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். மருந்து எதுவும் இல்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டிகள் வைத்திருந்தார்கள். விழுந்தவரைக் கழுத்துவரை அதில் இறக்கினார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி வீதம் உள்வெப்பம் இறங்கியது. குளிர்வித்த பிறகுதான் ஆம்புலன்ஸ். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது என்ற வரிசையை இன்று விளையாட்டு மருத்துவம் முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் வரிசை தலைகீழ். விழுந்தவரைத் தூக்கி வண்டியில் போட்டு, சூடான உடம்போடு நெடுஞ்சாலை நெரிசலில் கொண்டுபோகிறோம். பாதிக்கப்பட்டவருக்கு அந்த அரை மணி நேரம்தான் எல்லாமே.

தேர்வு நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும், ஃபர்னஸ் உள்ள ஒவ்வொரு ஆலையிலும் ஒரு தொட்டி வைப்பதற்கு இந்த மாவட்டத்தில் எதற்கும் பஞ்சமில்லை. பழவேற்காட்டில் மீனுக்கு ஐஸ் வாங்குகிறார்கள். தண்ணீர் கேன் நிரப்பும் ஆலைகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. தொட்டி இல்லாவிட்டாலும் வழி உண்டு. கும்மிடிப்பூண்டிச் சாலையில் நிற்கும் எந்த லாரியிலும் தார்ப்பாய் இருக்கும். அதை விரித்து, விழுந்தவரை நடுவில் கிடத்தி, நான்கைந்து பேர் நான்கு பக்கமும் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால் அது தொட்டியாகிவிடும். அதற்குள் ஐஸும் தண்ணீரும் கொட்டி, தலை மூழ்காமல் ஒருவர் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் நீரை அலைத்துக்கொண்டே இருக்க வேண்டும், 108 வந்து நின்ற பிறகும் அவர் தெளிவாகப் பேசும்வரை.